செய்தவர் பெயரும் வாசித்தவர் நாதமும்

ஒரு வாத்தியத்தைச் செய்தவரிடம் அதை வாசிப்பவருக்கு உண்டாகும் அபிமானம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால், நல்ல மரம், நேர்த்தியான வேலைப்பாடு, சுத்தமான நாதம், நியாயமான விலை என்று நான்கு காரணங்களை எவரும் எளிதாக அடுக்கிவிடுவார்கள். பேஸ் கிட்டாரின் சரித்திரத்தை ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கோ அந்த விடை விரைவிலேயே போதாததாகிவிடும். குறை உள்ளதென்று வாசிப்பவர் அனைவரும் அறிந்த வாத்தியங்கள் தலைமுறை தலைமுறையாக ஆராதிக்கப்படுவதையும், அந்தக் குறைகளையெல்லாம் களைந்து அரிய அறிவோடு அமைக்கப்பட்ட வாத்தியங்கள் மரியாதையுடன் புகழப்பட்டு மூலையில் ஒதுங்குவதையும், ஒரே மனிதர் தம் முதுமையில் தேர்ந்து செய்த சரக்கைவிட நடுவயதில் செய்த எளிய சரக்குக்கே மவுசு மிகுந்திருப்பதையும் அந்தச் சரித்திரம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

இவ்வித ஆராய்ச்சிக்குப் பேஸ் கிட்டாரைப் போல் வசதியான வாத்தியம் கிடைப்பது அரிது. வயலினோ வீணையோ இன்று நாம் காணும் உருவத்தை அடைவதற்குப் பல நூற்றாண்டுகளும் பல கைகளும் வேண்டியிருந்தன. பேஸ் கிட்டாரோ ஒரு மனிதனின் ஆயுட்காலத்திற்குள் பிறந்து, பரவி, தனக்கென ஒரு சம்பிரதாயத்தையும் அமைத்துக்கொண்டுவிட்டது. அதைச் செய்தவர்களின் பெயர், தொழிற்சாலை இருந்த ஊர், வாத்தியம் வெளிப்பட்ட ஆண்டு ஆகியவை தெரியும். அது எழுப்பிய ஒலியும் ஏறக்குறைய தொடக்கம் முதலே இசைத்தட்டுகளில் பதிவாகியிருக்கிறது. நான்கு கனத்த தந்திகளைக் கொண்டு, விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள் வரை இறங்கும் அந்த ஒலி தமிழ் வாசகர்களுக்கும் அந்நியமானதன்று. இளையராஜாவின் பாடல்களில் குரலுக்கு அடியில் தனக்கென ஒரு பாதை வகுத்துக்கொண்டு நடந்து செல்லும் ஒலி அதுவே.

அமெரிக்காவின் நடன மண்டபங்களில் 1930-களிலும் 40-களிலும் கீழ்ஸ்தாயியைத் தாங்கும் பொறுப்பு, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் வாத்தியத்தினுடையது. ஊர் ஊராகச் செல்லும் இசைக்குழுவுக்கு அதைத் தூக்கிச் செல்வதே பெரும் பிரயாசை. தூக்கிச் சென்று நிறுத்தினாலும், எக்காளங்களுக்கும் டிரம்ஸுக்கும் இடையில் அதன் ஒலி எழும்பாது. சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930-களின் இடையிலேயே மெட்டுகள் பதித்த சிறிய மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்க முயன்றார், அது பரவவில்லை. 1951-ஆம் ஆண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்ற சிற்றூரிலிருந்து லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ பரவியது. இந்த லியோ ஃபெண்டர் சங்கீத வித்வான் அல்லர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்; 1938 முதல் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். பழுது பார்க்க வந்த வாத்தியக்காரர்கள் சொன்ன குறைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டதும், எதையும் எளிதில் கழற்றிப் பூட்டும்படி அமைக்க வேண்டும் என்ற மெக்கானிக்கின் புத்தியுமே அவருடைய மூலதனம்.

அவர் அமைத்த வாத்தியத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அந்தப் புத்தியின் அடையாளம் ஒவ்வோர் அங்கத்திலும் தெரியும். உடல் ஒரே பலகை. மேப்பிள் மரத்தாலான கழுத்து நான்கு திருகுகளால் அதனுடன் இறுக்கப்பட்டது. கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம் என்று அவர் வகுத்தது இன்றுவரை பெரும்பாலான தயாரிப்பாளர்களுக்குப் பிரமாணமாக இருக்கிறது. மெட்டுகள் இருந்தமையால் சுருதி பிசகாது. கிட்டார் வாசிப்பவரும் எடுத்து வாசிக்கலாம். 1957-இல், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்-அப் இரண்டு துண்டுகளாகப் பிரித்து அமைக்கப்பட்டு, மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு செய்யப்பட்டது. 1960-இல் ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. பிரிசிஷனில் பிரடைப் பக்கம் ஒன்றே முக்கால் அங்குலமாக இருந்த கழுத்தின் அகலம் இதில் ஒன்றரை அங்குலமாகக் குறுகியது. அதன் பின்னர் இந்த வாத்தியத்தின் அடிப்படை அமைப்பில் பெரிய மாறுதல் எதுவும் நிகழவில்லை என்றே சொல்லிவிடலாம்.

இவ்வளவு சிறப்பாக அமைத்தும் ஃபெண்டர் தந்தது பாதி வாத்தியந்தான். மறுபாதியை வாசித்தவர்களே செய்து முடித்தார்கள். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் வாத்தியம் இதற்கு முதன்மையான சான்று. 1962-இல் செய்யப்பட்ட பிரிசிஷன் பேஸ் அது. டபுள் பேஸிலிருந்து வந்தவராதலால் தந்திகள் பலகையிலிருந்து மிக உயர்ந்து நிற்பதே அவருக்குப் பழக்கம். வேறொருவர் எடுத்தால் அழுத்தவே வருந்தும் உயரம். தட்டையாகச் சுற்றப்பட்ட கனத்த தந்திகளைப் பூட்டினார். அறுந்தாலொழிய அவற்றை மாற்றுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஏறிய அழுக்கிலேதான் ஒலியின் ஜீவன் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. குதிரையை மூடிய தகட்டின் அடியில் ஒலியை மட்டுப்படுத்தும் நுரைப்பஞ்சு. மீட்டுவதற்கு வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றே. நியாயமாகப் பார்த்தால் பராமரிப்புக் குறைவின் பட்டியல் இது. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றுகூடி எழுப்பிய ஒலியைத்தான் அடுத்த தலைமுறையினர் பிரிசிஷன் பேஸின் இயல்பான குரல் என்று கொண்டார்கள்.

ஜாஸ் பேஸுக்கு இதே உபகாரத்தைச் செய்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவரிடம் இருந்த 1962-ஆம் ஆண்டு வாத்தியத்தில் மெட்டுகள் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் அடைக்கப்பட்டு, படகுகளுக்குப் பூசும் கடினமான எபாக்சி விரல்பலகையின்மேல் பூசப்பட்டது. மெட்டு இருப்பதால் சுருதி துல்லியமாகும் என்பதே ஃபெண்டர் இந்த வாத்தியத்துக்குச் சொன்ன முதல் பெருமை. அந்தப் பெருமையையே நீக்கிவிட்டு, பாடும் குரலைப் போல் இழைந்து செல்லும் நாதத்தை ஜாக்கோ அதிலிருந்து வரவழைத்தார். செய்தவரின் நோக்கத்துக்கு நேர் எதிரான ஒரு காரியத்தினால் செய்தவரின் புகழ் வளர்ந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஃபெண்டரின் பெயர்மேல் இன்று குவிந்திருக்கும் அன்பில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு இவ்விருவருடையது என்று பிரித்துக் கணக்கிடுவது யாராலும் இயலாது.

செய்நேர்த்தியே அபிமானத்துக்குக் காரணமாயின், ஃபெண்டரின் வாத்தியத்தில் உள்ள தெரிந்த குறை ஒன்று அந்த அபிமானத்தை என்றோ குலைத்திருக்க வேண்டும். மிக மெல்லிய தந்தியில் ஐந்தாவது மெட்டிலிருந்து ஏழாவது மெட்டு வரையுள்ள பகுதியில் எங்கோ ஒரு ஸ்வரம் மற்றவற்றைப்போல் நீடிக்காமல் சட்டென்று அவிந்துவிடும். அந்த ஸ்வரத்தின் அதிர்வும் கழுத்து மரத்தின் இயற்கையான அதிர்வும் நெருங்கிவிடுவதால், தந்தியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். ஃபெண்டர் வாசிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அறிந்து, அந்த இடத்தில் வேறு தந்திக்கு மாறிச் சமாளித்துக்கொள்வார்கள்.

இந்தக் குறையை அடியோடு நீக்கினவர் நெட் ஸ்டைன்பெர்கர். லியோ ஃபெண்டரைப் போலவே இவரும் வாத்தியக்காரர் அல்லர், மரச்சாமான் வடிவமைப்பவர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பேஸ் கிட்டார் செய்த ஸ்டுவர்ட் ஸ்பெக்டரின் பட்டறையோடு ஏற்பட்ட பழக்கத்தால் இந்தத் துறைக்கு வந்தவர். 1980-ஐ ஒட்டி இவர் வெளியிட்ட வாத்தியத்தில் மரமே இல்லை. கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த வார்ப்பு அது. தலைப்பகுதியே கிடையாது, பிரடைகள் உடலின் அடிப்பக்கத்துக்குப் போய்விட்டன. எல்லா ஸ்வரங்களும் ஒரே சீராக ஒலித்தன. வெயிலிலும் மழையிலும் கழுத்து வளையவில்லை. சில ஆண்டுகளுக்கு மேடைகள் அனைத்திலும் அது தென்பட்டது. ஸ்டிங்கும் கெடி லீயும் டோனி லெவினும் அதை எடுத்து வாசித்தார்கள். 1987-இல் அவருடைய நிறுவனம் கிப்ஸன் என்ற கிட்டார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பிறகு அந்த அலை அடங்கியது. ஒலி சீராக இருக்கிறது, சீராக மட்டுமே இருக்கிறது என்பதே வாசித்துப் பார்த்த பலருடைய அபிப்பிராயம்.

இதற்கு முன்பே, 1960-களின் இறுதியில், ரான் விக்கர்ஷாம் போன்ற மின்னணு வல்லுநர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் தொடங்கிய அலெம்பிக் நிறுவனம், அரிய மரங்களை அடுக்கி ஒட்டி, உள்ளேயே ஒலிபெருக்கும் சுற்றுகளை அமைத்து, விலை உயர்ந்த வாத்தியங்களைக் கையால் செய்தது. அலெம்பிக்கை வாசிப்பவர்கள் பேசும் தொனியில் பயபக்தி மிகுதி. அந்தப் பயபக்தியின் பெரும்பகுதி ஸ்டான்லி கிளார்க் 1970-களில் பதிவு செய்த இசைத்தட்டுகளிலிருந்து வந்தது. அந்தத் தட்டுகள் இல்லாதிருந்தால் அந்த வேலைப்பாட்டின் பெருமை மரவேலை ரசிகர்களோடு நின்றிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

இனி, அபிமானம் நிறுவனத்தின் பெயரைச் சேர்ந்ததா, அன்றி மனிதரைச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு வருவோம். 1965 ஜனவரியில் உடல்நலம் குன்றிய நிலையில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். என்னும் பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அன்றிலிருந்து வாத்தியக்காரர்களின் பேச்சில் காலம் இரண்டாகப் பிளந்தது, ‘சி.பி.எஸ்.-க்கு முந்தியது’ என்றால் தனி மதிப்பு, பிந்தியது என்றால் சந்தேகம். உற்பத்தி பெருகிய வேகத்தில் வேலை தளர்ந்ததும், 1970-களின் ஜாஸ் பேஸில் கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகள் மூன்றாகக் குறைந்ததும் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமாயின. 1985-இல் நிறுவனத்தின் நிர்வாகிகளே வில்லியம் ஷுல்ட்ஸ் தலைமையில் அதை 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. இருபது ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு எவ்வளவு வீழ்ந்தது என்பதை நினைத்தால், அந்தப் பெயர் எந்த நிலைக்கு இறங்கியிருந்தது என்பது தெளிவாகும்.

இங்கும் ஒரு விசித்திரம் உண்டு. பழைமை விரும்பிகள் இகழ்ந்த அதே சி.பி.எஸ். காலத்து வாத்தியம் ஒன்று, 1977-இல் செய்யப்பட்ட ஜாஸ் பேஸ், மார்க்கஸ் மில்லரின் கைக்கு வந்தது. நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்த ராஜர் சடௌஸ்கி அதன் உட்சுற்றை மாற்றி அமைத்தார். கட்டைவிரலால் தட்டி, மற்ற விரலால் சுண்டி எழுப்பும் மில்லரின் கூர்மையான ஒலி பல நூறு பதிவுகளில் பரவியபின், இகழப்பட்ட அந்த ஆண்டுகளின் வாத்தியங்களையே இளைஞர்கள் தேடி வாங்கலானார்கள். 1970-களில் குதிரைப் பக்கம் சற்று நகர்த்தி வைக்கப்பட்ட பிக்-அப்பின் இடம், முன்னே அலட்சியத்தின் அடையாளமாகப் பேசப்பட்டது, பின்னே இலட்சணமாகிவிட்டது. மரமும் திருகும் அப்படியே இருக்க, கேட்ட காது மாறியதால் மதிப்பு மாறியது.

லியோ ஃபெண்டரின் பிற்கால வாழ்க்கை, சரித்திரம் தானாகவே நடத்திக் காட்டிய ஒரு பரீட்சை எனத் தகும். போட்டித் தொழிலில் இறங்கலாகாது என்ற ஒப்பந்தத்தின் காலம் கழிந்ததும், 1975-இல் அவர் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவராக வெளிப்பட்டார். 1976-இல் வந்த ‘ஸ்டிங்ரே’ பேஸில் ஒரே ஒரு பெரிய பிக்-அப்பும், பாட்டரியால் இயங்கும் உட்சுற்றும் இருந்தன. ஷிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸும், ஜான்ஸன் சகோதரர்களில் ஒருவரான லூயிஸ் ஜான்ஸனும் அதை வாசித்துப் பதிவு செய்தார்கள். ஸ்டிங்ரே என்றால் இன்ன ஒலி என்று உலகம் அறிந்தது. பின்னர்த் தம் பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்ட் எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஃபுல்லர்ட்டனில் தம் பெயரையே தாங்கிய வீதியில், 1991 மார்ச்சில் காலமாகும் வரை அவர் உழைத்தார். பிக்-அப், குதிரை, உட்சுற்று ஒவ்வொன்றையும் மறுபடி ஆராய்ந்து திருத்தினார். தம் ஆயுளில் செய்தவற்றுள் இவையே சிறந்தவை என்பது அவருடைய சொந்தத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை மறுப்பவர்கள் குறைவு; ஜி அண்ட் எல் பேஸை எடுத்து வாசித்தவர்கள் அதன் பலத்தையும் தெளிவையும் மனமாரப் பாராட்டுவார்கள். ஆனால் பாராட்டு வேறு, ஏக்கம் வேறு. அதே மனிதர், அதே ஊர், முன்னினும் முதிர்ந்த அனுபவம் ஆகிய எல்லாம் கூடியிருந்தும், பிரிசிஷனுக்கும் ஜாஸ் பேஸுக்கும் ஸ்டிங்ரேக்கும் கிடைத்த ஏக்கம் இந்தக் கடைசிச் சிருஷ்டிக்குப் பெரிய அளவில் கிடைக்கவில்லை. ஒரு ஜேமர்சனோ ஒரு எட்வர்ட்ஸோ அதன் ஒலியை உலகத்தின் காதில் நிறுத்தவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கண்டுபிடிப்பது கடினம். அபிமானம் மனிதரைப் பின்தொடர்ந்து செல்லவில்லை. நிறுவனத்தின் உரிமையாளரையும் பற்றி நிற்கவில்லை. இசைத்தட்டில் பதிந்த ஒலியோடு தங்கிவிட்டது.

ஐரோப்பாவிலிருந்து கிடைக்கும் சான்று இந்த முடிவை உறுதிப்படுத்துகிறது. ஜெர்மனியின் புபன்ராய்ட் ஊரில் ஹோஃப்னர் குடும்பத்தார் செய்த வயலின் வடிவப் பேஸ், உட்குடைவான இலேசான வாத்தியம். இளைஞரான பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் அதை வாங்கியதற்குக் காரணங்கள் இரண்டு: விலை சுமார் 30 பவுன்தான், வடிவம் இருபுறமும் ஒத்திருந்ததால் இடக்கையரான அவர் மாட்டிக்கொண்டாலும் விகாரமாகத் தோன்றாது. வாங்கும்போது அதில் காவியச் சிறப்பு எதுவும் இல்லை. 1972-இல் லண்டனில் களவுபோன அந்த வாத்தியம் அரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்து அவரிடம் திரும்பியதாக 2024-இல் அறிவிக்கப்பட்டபோது, அது உலகச் செய்தியாயிற்று. களவு என்பது இந்தச் சரித்திரத்தில் ஓர் அளவுகோலாகவே அமைந்துவிட்டது: ஜேமர்சனின் பிரிசிஷன் 1983-இல் அவர் இறப்பதற்குச் சிறிது முன் திருடுபோய் இன்றுவரை அகப்படவில்லை, ஜாக்கோவின் வாத்தியம் 1986-இல் காணாமற்போய், பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டு, மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியால் மீட்கப்பட்டது. அதே ஆண்டில், அதே தொழிற்சாலையில், அதே அளவில் செய்த வேறொரு வாத்தியம் இவற்றின் இடத்தை நிரப்பாது.

செய்த நாட்டின் பெயரும் இந்த விதிக்கு அடங்கியதே. ஜப்பானின் மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிகென் தொழிற்சாலையும் வேறு சிலவும் 1970-களில் அமெரிக்க வாத்தியங்களைப் பார்த்துச் செய்தபோது, ‘நகல்’ என்ற ஏளனமே முதலில் கிடைத்தது. ஃபெண்டர் நிறுவனமோ 1982-இல் அந்த ஃபுஜிகெனிலேயே தன் பழைய மாதிரிகளை முறைப்படி செய்விக்க ஏற்பாடு செய்தது. ‘ஜே.வி.’ என்று எண் தொடங்கும் அந்த முதற்கால ஜப்பானிய வாத்தியங்கள் இன்று தேடிச் சேர்க்கப்படுகின்றன. 1950-களின் ஒலியையும் கழுத்தின் வளைவையும் அவை அன்றைய அமெரிக்கத் தயாரிப்பைக் காட்டிலும் விசுவாசமாகக் காப்பாற்றின என்பதே வாங்குவோர் சொல்லும் காரணம்.

மரத்தின் வரலாறும் இவ்விதமே. தொடக்கத்தில் ஃபெண்டரின் விரல்பலகைக்குப் பயன்பட்ட ரோஸ்வுட் பிரேசில் நாட்டினது. அது அரிதாகவே, 1960-களின் இடையிலிருந்து இந்திய ரோஸ்வுட் அதன் இடத்துக்கு வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்ந்து, தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரமே இது. பதிலியாக வந்த அந்த மரம் பிறகு தானே சம்பிரதாயமாகியது. 2017-இல் சர்வதேச உடன்படிக்கையால் ரோஸ்வுட் வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டு, தயாரிப்பாளர்கள் தென்னமெரிக்க பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியபோது, வாசிப்பவர்கள் முணுமுணுத்தது இந்தப் பழைய பதிலிக்காகத்தான். 2019-இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்ததும் ஈட்டி மறுபடி பெருகியது. முதலில் வந்ததற்கோ மேலானதற்கோ அன்றி, கேட்டுப் பழகிய பதிவுகளில் இருந்ததற்கே மனம் திரும்புகிறது.

இந்த விளக்கத்துக்கு ஒரு திருத்தம் அவசியம். காது மட்டும் அன்றிக் கையும் நினைவுடையது. 34 அங்குல நீளத்திலும் குறிப்பிட்ட கழுத்து அகலத்திலும் பழகிய விரல்கள் வேறொன்றில் தடுமாறும்; ஆதலால் புதுமை எல்லாம் புறக்கணிக்கப்படும் என்று முடிவு கட்டுவதும் தவறு, பழைமை எல்லாம் மூடப்பற்று என்பதும் தவறு. புதுமை வெற்றி பெற்ற இடங்களை நோக்கினால் அது வாசிப்பவரின் தேவையிலிருந்து பிறந்திருப்பதைக் காணலாம். 1975-இல் கார்ல் தாம்ஸன் ஆறு தந்திப் பேஸைச் செய்தது ஆன்டனி ஜாக்ஸன் என்ற வாசிப்பாளர் கேட்டதால். பிறகு புரூக்ளினில் வின்னி ஃபொடேரா தொடங்கிய பட்டறை ஜாக்ஸனோடு பல ஆண்டுகள் உழைத்து அந்த வடிவத்தைச் செம்மையாக்கியது. ஸ்டைன்பெர்கரின் புதுமை குறையொன்றுக்கு விடை. ஜாக்ஸனின் புதுமை வாசிக்க விரும்பியும் வாசிக்க முடியாதிருந்த ஸ்வரங்களுக்கு விடை. பின்னதே வேர் விட்டது.

ஆகவே பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒருவர் கழுத்தின் அடியில் பொறித்த ஆண்டையும் வரிசை எண்ணையும் ஆராய்ந்து, ஒன்றைத் தழுவி மற்றொன்றைத் தள்ளும்போது, அதைப் பகுத்தறிவற்ற மோகம் என்று சிரிப்பதற்கில்லை. தாம் கேட்டு வளர்ந்த ஒலி எந்த மரத்தில், எந்தக் கம்பியில் தங்கியிருக்கக்கூடும் என்றே அவர் தேடுகிறார். அந்தத் தேடலில் நிறுவனத்தின் பெயர் ஒரு முகவரி மாத்திரமே. செய்பவருக்கு இதில் வருத்தத்துக்கு இடமிருப்பினும் பாடமும் இருக்கிறது. குறையற்ற வாத்தியத்தைச் செய்து முடித்தால் அபிமானம் வந்துவிடாது. உழைத்துப் பிழைக்கும் வாத்தியக்காரர் வாங்கக்கூடிய விலையில், அவர் விருப்பப்படி கழற்றவும் திருத்தவும் இடம் கொடுப்பதாக ஒன்றைச் செய்து, அவர் கையில் சேர்ப்பதோடு செய்பவரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. லியோ ஃபெண்டர் 1951-இல் செய்தது அவ்வளவே. வாசிக்கத் தெரியாத அவர், வாத்தியத்தின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று வாசிப்பவர்களுக்குக் கட்டளையிடாமல் விட்டதே அவர் பெயர் நிலைத்ததற்கு முதற்காரணம்.